மாடிப்படிக்கு அடியில் மஞ்சள் விளக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு நெட்வொர்க் சுவிட்சுக்குத் திருநாமம் போட்டவன்.

ஏதோ விரலால் இழுத்த கோடு அல்ல. எங்கள் வீட்டார் அய்யாவழி. எங்கள் கோயிலான பதியிலிருந்து கொண்டுவந்த வெண்மண்ணைக் குழைத்து, நெற்றிக்கு இடுவது போலவே சுடர் வடிவில், கம்ப்யூட்டர்களை இணைக்க எட்டு வயர் செருகும் ஒரு தகரப் பெட்டியின் முகப்பில் இட்டேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி ஆயா தங்கம்மை ஏற்கெனவே ஒட்டியிருந்த அந்தோணியார் படம். மேலே ஆம்புலன்ஸ் டிரைவர் பள்ளிவாசலில் ஓதி வாங்கிவந்து கட்டிய கறுப்புக் கயிறு. மூன்று கூட்டத்தாரும் சேர்ந்து காவல் காத்த ஒரே சுவிட்ச் இந்த மாவட்டத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

அப்போது எனக்குத் தொழிலில் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் இரண்டு. இந்த ஆளிடம்தான் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் புத்தி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். என் மேல் வருத்தப்படாதீர்கள். கேட்டவர்கள் மேல் வருத்தப்படுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு. மேற்குக் கடற்கரையில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். கடலைப் பார்த்து ஒரு பழைய கட்டடம், அதில் அவசரப் பிரிவும் எக்ஸ்ரே அறையும். தென்னைகளுக்கு அப்பால் ஒரு புதுக் கட்டடம், அதில் ஆப்பரேஷன் தியேட்டரும் டாக்டர் படம் பார்க்கும் பெரிய திரையும். நடுவே எண்பது மீட்டர். அந்த எண்பது மீட்டருக்கு வயர் இழுத்தவன் நான். இழுத்துவிட்டுத் தலைமைச் சகோதரியிடம் பெருமையாகச் சொன்னேன்: “இனி ஃபிலிமே வாங்க வேண்டாம் மதர். இங்கே எடுத்தால் அங்கே தெரியும்.” அவர்களும் நம்பி ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

புதுக் கட்டடத்தில் நல்ல சுவிட்ச். உள்ளே போய் எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம். பழைய கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில், கை வைக்க எதுவுமே இல்லாத ஒரு சின்னப் பெட்டி. என்னைத் தொழிலுக்குள் கொண்டுவந்த சீனியர் ஒருவர் உண்டு. அவர் பெயரும் வேண்டாம். அவர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: “பெட்டிகளைத் தாமாகப் பேசி முடிவெடுக்க விடாதே. வேகத்தையும் முறையையும் நீயே கையால் எழுதிப் பூட்டிவிடு.” அவர் காலத்தில் அது சரி. ஆளுக்கொரு கம்பெனிப் பெட்டி, பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும். அவர் சொன்னபடியே நல்ல சுவிட்சின் முனையைப் பூட்டினேன்: வேகம் நூறு, போவதும் வருவதும் ஒரே நேரத்தில். மறுமுனையில் பூட்ட இடமில்லை, அப்படியே விட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. சோதனைக்கு அனுப்பும் பிங் போய்த் திரும்பியது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே அறையிலிருந்து போன். ஸ்டெல்லா. அந்த அறையின் டெக்னீஷியன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள்.

“சாரே, ஒங்க லைன் செத்துட்டு.”

தென்னையிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தலை, கழுத்து, நெஞ்சு, இடுப்பு என்று பத்துப் படம். ஒன்றும் டாக்டருக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வரை போகும், நிற்கும், முதலிலிருந்து தொடங்கும். அரை மணி நேரம் கழித்து டாக்டர் மழையில் ஓடி வந்து, ஸ்டெல்லாவின் உள்ளங்கையளவு திரையில் பார்த்து, திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார். எல்லையில் களியக்காவிளை தாண்டவில்லை, ஆள் போய்விட்டார்.

நான் போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிங் அடித்தேன். நூற்றுக்கு நூறு. “லைன் சுத்தம் ஸ்டெல்லா. உப்புக் காத்துல சில நேரம் அப்படித்தான்,” என்றேன். உப்புக் காற்று என்பது நமக்கு எத்தனை பெரிய உதவி என்று போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்.

அடுத்து, பைக்கில் போய் லாரியில் மோதிய ஓர் இளைஞர். படம் நின்றது. ஆள் நிற்கவில்லை. அதற்கடுத்து, கிணற்றில் விழுந்த ஒரு கிழவி. அதே கதை. விரல் ஒடிந்தவன் படம் போகிறது, முழங்கால் வலிக்காரி படம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாவது போகிறது. சாகப் போகிற ஆள் வந்தால் மட்டும் வயர் சாகிறது.

இதில் தங்கம்மை வேறு ஒன்றைக் கவனித்திருந்தாள். மாடிப்படிக்கு அடியில் துடைப்பம் எடுக்கப் போகும்போது, அந்தச் சின்னப் பெட்டியில் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. எப்போதும் அணைந்தே கிடக்கும். அந்த மூன்று நாளும் அது மினுங்கியிருக்கிறது. படபடவென்று, கண் இமை துடிக்கிற மாதிரி. மூன்று நாளும் ஆள் போயிருக்கிறார்கள்.

“ஆளு வண்டியில இருந்து எறங்கி, படம் எடுக்க ஆரம்பிச்ச ஒடனே அதுக்குத் தெரிஞ்சிரும் சாரே,” என்றாள் என்னிடம், குரலைத் தாழ்த்தி. “டாக்டருக்கு முன்னாடி அதுக்குத் தெரியும்.”

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவள் பார்க்காத நேரத்தில் பெட்டியையே மாற்றினேன். வயரின் இரண்டு முனைகளையும் வெட்டிப் புதுசாக அடித்தேன். புதுப் பெட்டி, அட்டையைக் கிழித்து மூன்று நாள்தான். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். அவசரப் பிரிவில் யாரோ கத்தினார்கள். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இருட்டில் அந்தப் புது மஞ்சள் விளக்கு, பிறந்து மூன்று நாளான விளக்கு, படபடவென்று துடிக்கிறது. வெளியே பட்டப்பகல் வெயில். என் முதுகு மட்டும் நனைந்துவிட்டது. அன்று வந்த ஆள் பிழைத்தார். ஆனால் அது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நான் வீட்டுக்குப் போய் வெண்மண் எடுத்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் வந்தது. யாரும் சொல்லி வந்ததல்ல. கடுமையான கேஸ் வந்தால், நர்சுமார் நடக்கிற வழியில் ஒரு கணம் மாடிப்படிப் பக்கம் தலையைத் திருப்புவார்கள். திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கும். உறவுக்காரர்களிடம் பேசும் குரலும் மாறும். ஒரு வயரின் நடத்தையைப் பார்த்து ஒரு மனிதனின் ஆயுளைக் கணித்தார்கள். அந்த வயருக்கு ஜாதகம் எழுதியவன் நான்.

இதை உடைத்தது ஸ்டெல்லா. ஒரு நாள் கூப்பிட்டாள். போனேன். எக்ஸ்ரே மேஜையில் ஒரு பலாப்பழம் படுத்திருந்தது. ஆஸ்பத்திரி வளாகத்தில் காய்த்தது. எங்கள் பக்கத்தில் சக்கை என்போம்.

“என்ன ஸ்டெல்லா, சக்கைக்கு எலும்பு முறிவா?”

“சும்மா நில்லும் சாரே.”

சக்கையைத் திருப்பித் திருப்பிப் பத்துப் படம் எடுத்து வரிசையாக அனுப்பினாள். அதே நேரம் அவசரப் பிரிவுக் கம்ப்யூட்டரில் பழைய நோயாளி ஒருவரின் படங்களைப் புதுக் கட்டடத்திலிருந்து இறக்கச் சொன்னாள். மாடிப்படிக்கு அடியில் மஞ்சள் விளக்கு துடித்தது. படங்கள் நின்றன.

“சக்கைக்கு என்ன சாவு சாரே?” என்றாள். “நீரு வாற நேரமெல்லாம் அந்தப் பிங்க அடிக்கிறீரு. அது, இருக்கியான்னு கேக்கும், இருக்கேன்னு சொல்லும். ரெண்டு பக்கமும் ஒண்ணா வாயத் தொறந்தா என்ன ஆவுதுன்னு ஒரு நாளாவது பாத்தீரா?”

பார்க்கவில்லை. நேராகப் புதுக் கட்டடத்துக்குப் போய் சுவிட்சுக்குள் பார்த்தேன். வயரில் போகும் தகவல் பொட்டலங்கள் உடைந்து ஆயிரக்கணக்கில். அப்போதுதான் நான் எழுதிய அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது. வேகம் நூறு, இருவழி, பூட்டப்பட்டது.

விஷயம் இதுதான் மக்கா. வயரின் இரண்டு முனையிலும் பெட்டியை மாட்டியவுடன், ஒரு பொட்டலம் அனுப்புவதற்கு முன்னால், இரண்டும் ஒன்றுக்கொன்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். எனக்கு இவ்வளவு வேகம் வரும், பேசிக்கொண்டே கேட்கவும் தெரியும், உனக்கு? இரண்டுக்கும் பொதுவானதில் எது மேலானதோ அதை எடுத்துக்கொள்ளும். நான் ஒரு முனையைப் பூட்டியபோது அதன் வாயையும் பூட்டிவிட்டேன். அது தன்னைச் சொல்லவே இல்லை. மறுமுனைப் பெட்டி பாவம், சத்தத்தை வைத்து வேகம் நூறு என்று கண்டுபிடித்தது. ஆனால் எதிராளிக்குப் பேசிக்கொண்டே கேட்கத் தெரியுமா என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தெரியாவிட்டால் அடக்கமாக இரு என்பது அதற்கு விதி. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது என்று அது எடுத்துக்கொண்டது. ஆக ஒரு முனையில் மரியாதைக்காரன், மறுமுனையில் நிறுத்தாமல் பேசுகிற என் சுவிட்ச். மரியாதைக்காரன் பேசத் தொடங்கினால் எதிரே சத்தம் வரும். நிறுத்துவான், மறுபடி தொடங்குவான், நிறுத்துவான். ஒன்றிரண்டு படமென்றால் எப்படியோ ஒப்பேறும். பத்துப் படமும் பழைய படங்களும் ஒன்றாக ஓடினால் செத்தான். பத்துப் படம் எப்போது எடுப்பார்கள்? ஆள் சாகக் கிடக்கும்போது. அவருடைய பழைய படங்களை அவசரப் பிரிவு தேடி இறக்குவதும் அப்போதுதான். விளக்குக்குச் சாவு தெரியாது. கூட்டம் மட்டும்தான் தெரியும்.

(இப்போது நீங்கள் மாட்டுகிற ஜிகாபிட் பெட்டிகளுக்குள் இன்னொரு பேச்சும் உண்டு: யார் தாளம் போடுவது, யார் பின்னால் வருவது. இரண்டும் ஒரே தரமென்றால் ஆளுக்கொரு எண்ணை எடுத்து, பெரிய எண் வந்தவர் தாளம் போடுவார். சில வருஷம் கழித்து அதிலும் கை வைத்தேன். இரண்டு முனையையும் ‘நீதான் தலைவன்’ என்று பூட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க எந்த விளக்கும் எரியாமல் உட்கார்ந்திருந்தேன். பழக்கம் லேசில் விடாது.)

பூட்டைத் திறந்தேன். இரண்டும் பேசி முடிக்க ஒரு கண்சிமிட்டல் நேரம் ஆனது. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, “லைன்ல ஒரு சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்,” என்றேன். யாருடைய கோளாறு என்று சொல்லவில்லை. வார்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பழைய கட்டடத்துக்குத் திரும்பிப் போய் அந்தப் பெட்டியைப் பார்க்கவும் இல்லை. வெட்கம். நேராக வீட்டுக்கு.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தலைமைச் சகோதரியின் போன். “அந்த விளக்கு நேற்றிலிருந்து அணையவே இல்லை. நர்ஸ் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். உடனே வாருங்கள்.”

ஆனி மழை, கடல் கறுத்துக் கிடந்தது. போய் இறங்கும்போதே அவசரப் பிரிவு வாசலில் கூட்டம். வள்ளத்தைக் கரையேற்றும்போது அலை திருப்பி அடித்து, வள்ளத்துக்கும் அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லுக்கும் இடையில் ஒருவர் மாட்டிக்கொண்டார். சேவியர். இடுப்பு நொறுங்கியிருந்தது. உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. எக்ஸ்ரே மேஜையில் கிடக்கிறார். வெளியே மனைவி ரோசம்மாள், அவள் தம்பி ராபின், இன்னும் பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் நனைந்து.

மாடிப்படிக்கு அடியில் தங்கம்மை நின்றிருந்தாள். பக்கத்தில் இரண்டு நர்சுகள். பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. துடிக்கவில்லை. அசையாமல், நிறைவாக, நம்மையே பார்க்கிற மாதிரி எரிந்தது.

“இதுவர மினுங்கத்தான் செஞ்சிருக்கு சாரே,” என்றாள் தங்கம்மை. “இண்ணைக்கு நிண்ணு எரியுது.”

அவள் இதை எனக்கு முன்னாலேயே ராபினுக்குச் சொல்லியிருந்தாள். ராபின் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பிவிட்டான், சாகும் நேரத்தில் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலுக்கு. இப்போது எக்ஸ்ரே அறைக் கதவைத் தட்டினான்.

“எங்க ஆள எங்ககிட்ட தாங்க. போற உயிரு வீட்டுல போவட்டும். வண்டி நிக்கி.”

உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல்: “பத்துல நாலு போச்சு. கதவத் தட்டாத.”

இங்கேதான் கவனியுங்கள். என் கை அந்த வயரின் மேல் இருந்தது. சின்னக் கொக்கியை அழுத்தி இழுத்தால் போதும், விளக்கு அணையும். கூட்டம் பெருமூச்சு விடும். ராபின் கதவை விட்டு நகர்வான். இரண்டு விரல் வேலை. ஆனால் ஸ்டெல்லாவின் ஐந்தாவது படம் அந்த வயருக்குள் இருக்கிறது. மறுமுனையில் டாக்டர் திரைக்கு முன்னால் நிற்கிறார். அதோடு, திரும்பச் செருகினால் திரும்ப எரியும். அப்போது இவர்களை யாராலும் நிறுத்த முடியாது.

ஏன் எரிகிறது என்பதும் எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் விளக்குகளுக்குக் கீழே எறும்பளவு எழுத்தில் என்னவோ அச்சிட்டிருப்பார்கள் அல்லவா, அதைப் படிக்கலாம் என்று குனிந்தேன். படிக்க முடியவில்லை. சரியாக அந்த எழுத்தின் மேல்தான் என் திருநாமம் இருந்தது.

அய்யாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகத்தால் சுரண்டினேன். பதினைந்து பேர் பார்க்கச் சுரண்டினேன். வெள்ளைப் பொடி உதிர்ந்து எழுத்து தெரிந்தது. அணைந்திருந்தால் ஒருவழி. மினுங்கினால் மோதல். நின்று எரிந்தால் இருவழி.

பேச்சு சரியாக முடிந்துவிட்டது என்பதைத்தான் அந்த விளக்கு நேற்றிலிருந்து விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

எழுந்து வயரிலிருந்து கையை எடுத்தேன். “இது சாவு விளக்கு இல்ல,” என்றேன். “நான் பண்ணின தப்பு.”

ராபின் திரும்பினான். “நீ யாருவே? டாக்டரா?”

“இல்ல. வயருக்காரன்.”

“வயருக்காரனுக்கு எங்க மச்சான் காரியத்துல என்ன?”

“இதுக்கு முன்னால இது மினுங்கினதுக்குக் காரணம் நான். அந்தப் பக்கம் தப்பாப் பூட்டி வச்சிருந்தேன். கூட்டமாப் படம் போனா முட்டிக்கிட்டு நிக்கும். நேத்துத்தான் திறந்தேன். இப்ப நல்லா இருக்கு. நல்லா இருக்குன்னுதான் எரியுது.”

“நல்லா இருந்தா பச்சையில்லே எரியணும்?”

அதை அந்தப் பெட்டியைச் செய்தவனிடம்தான் கேட்க வேண்டும். “நான் மடையன், எழுதியிருக்கிறதப் படிக்காம மண்ணப் பூசினவன், ஆனா இந்த ஒண்ணு மட்டும் உண்மை,” என்று என்னென்னவோ சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில் வருகிற மாதிரியான சிரிப்பு. ரோசம்மாள் சிரிக்கவில்லை. என் நகத்துக்குள் இருந்த வெண்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படம் போவுதா?” என்றாள்.

“போவுது.”

“நெசமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுவரில் இருந்த போன் அடித்தது. நர்ஸ் எடுத்தாள். தியேட்டரிலிருந்து டாக்டர். அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது: “படம் எல்லாம் வந்துட்டு. ரத்தம் ஏற்பாடு பண்ணியாச்சு. ஆள உடனே கொண்டு வாங்க.”

“எலே ராபினு,” என்றாள் ரோசம்மாள். “வண்டியத் திருப்பி அனுப்பு. மச்சானப் பிடி.”

தென்னைகளுக்கு நடுவே, மழையில், தார்ப்பாய் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு எல்லாரும் ஓடினார்கள். நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து சேர்ந்தபோது தியேட்டர் கதவு மூடியிருந்தது. வெளியே நின்று செபம் சொன்னார்.

நாலு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வார், நடக்க ஆறு மாதம் ஆகும் என்றார். ரோசம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ராபின் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, “பச்சைதான்வே வச்சிருக்கணும்,” என்றான்.

மழை விட்டிருந்தது. பழைய கட்டடத்தில் ஆள் அரவமே இல்லை. மாடிப்படிக்கு அடியில் அந்த விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே அறையில் ஸ்டெல்லா படம் பிடிக்கும் தட்டுகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டவன், வயரைப் பிடுங்காமல் கையைக் கட்டுப்படுத்தியவன். யாராவது தோளில் தட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவள் கேட்காமலே ஒரு எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் இரண்டு பெட்டி வரைந்தேன். நடுவே வயர். எது பேசாமல் இருந்தது, எது அடங்கிப் போனது, எப்படி முட்டியது, எல்லாம் சொன்னேன். மொத்தத்துக்கும் காரணம் என் ஒரு வரிதான், அதைத் திறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தேன்.

அவள் கடைசித் தட்டைத் துடைத்து வைத்தாள். துணியை மடித்தாள். என் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்போ அந்த மூணு பேரு, சாரே?”